சுவைச் சொற்களின் வேர்

பல்லாண்டுகளுக்கு முன் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் பாடவேளையின் இடையே எழுந்து, “ஐயா, ஆங்கிலத்திலுள்ள ‘சுவீற்’ என்னுஞ் சொல் நம் ‘சுவை’யிலிருந்து போனதுதானே?” என வினவினார். வகுப்பு முழுதும் மகிழ்ந்தது. மணி ஒலித்துவிட்டமையால் யான் விடை கூறாது அகன்றேன். அம்மாணவர் இன்று பழைய மாணவர். இம்மலரை அவர் காண்பாராயின் என் கடன் தீர்ந்ததாகக் கொள்வேன்.

விடை ‘அன்று’ என்பதே. ஒலியொப்புமை மாத்திரம் உறவுக்குச் சான்றாகாது. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் யோன்ஸ் என்பார், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்தினின்று தோன்றியிருத்தல் வேண்டுமென உரைத்தார். அவர்க்குப் பின்வந்த அறிஞர் தேடியவை ஒத்த ஒலிகளையல்ல. ஒலிகள் ஒழுங்காக வேறுபடும் முறையையே. வடமொழியில் மெலிந்தொலிக்குந் தகரத்துக்கு நேராக ஆங்கிலத்தில் வல்லொலி நிற்கும். ‘தசம்’ என்பதற்கு நேரானது ‘ரென்’. வடமொழிச் சகரத்துக்கு நேராகக் கிரேக்கத்தில் ஹகரம் நிற்கும். ‘சப்த’ என்பதற்கு நேரானது ‘ஹெப்த’. இவ்விரு விதிக்கும் அமைந்து, வடமொழிச் ‘சுவாது’, கிரேக்க ‘ஹேடுஸ்’, இலத்தீன் ‘சுவாவிஸ்’, ஆங்கிலச் ‘சுவீற்’ ஆகியன ஒருகுடிப் பிறந்தனவாய் நிற்கின்றன. நம் ‘சுவை’யோ மலையாளச் ‘சுவ’, கன்னடச் ‘சவி’, தெலுங்குச் ‘சவி’ என்பவற்றோடு வைத்து ஆராய்தற்குரியது. அச்சொற்களில் அத்தகரத்துக்கு இடமேயில்லை.

இச் ‘சுவாது’வின் வேரே இலத்தீனில் ஒருவரை இணங்கச் செய்தலையும் குறித்தது. ஆங்கிலப் ‘பேர்சுவேட்’ அதன் வழியது. இனிமையாக்கிக் காட்டினாலன்றி ஒருவர் இணங்கார் என்பதைப் பண்டை உரோமர் அறிந்திருந்தனர் போலும்! ‘மது’ என்பதும் இத்தகைய பழஞ்சொல். கிரேக்கத்தில் அது திராட்சை மது. இரசிய மொழியில் தேன். இரசியர் கரடியை ‘மெத்வேத்’, அஃதாவது ‘தேனுண்ணி’ என்பர். அவ்விலங்கின் பழம்பெயரைக் கூற அஞ்சியே இப்பெயர் இட்டனர் என்று அறிஞர் கூறுவர்.

இனிமை நிற்க. ஏனைய சுவைகளின் பெயர்கள் பெரும்பாலும் நாவிற் பிறந்தனவல்ல; கையிற் பிறந்தன. கைப்பைக் குறிக்கும் ஆங்கிலப் ‘பிற்றர்’, கடித்தலைக் குறிக்கும் ‘பைற்’ என்பதோடு ஒருவேரினது. அதற்கு நேரான வடமொழி வேர் ‘பித்’, பொருள், பிளத்தல். நாம் நாள்தோறும் வழங்கும் ‘பேதம்’ அதன் வழி வந்ததே. வடமொழியாளர் கைப்புக்கு இவ்வேரைக் கொள்ளவில்லை. ஆயினும் அவர் கொண்ட ‘திக்தம்’, கூர்மையைக் குறிக்கும் ‘திஜ்’ என்னும் வேரினது. வேர் வேறு, எண்ணம் ஒன்று.

புளிப்பும் அவ்வாறே. இலத்தீன் ‘அசிதுஸ்’, ஊசியைக் குறிக்கும் ‘அகுஸ்’, ஆங்கிலத்தில் விளிம்பைக் குறிக்கும் ‘எட்ஜ்’ என்பன ஒரே கூர்மை வேரின் கிளைகள். கிரேக்க ‘ஒக்சுஸ்’ கூர்மையையும் புளிப்பையும் ஒருங்கே குறிக்கும். எல்லா அமிலங்களையும் ஆக்குவது ஒரு வாயுவே எனத் துணிந்த பிரெஞ்சு இரசாயன அறிஞர் இலவோசியர், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வாயுவுக்குப் ‘புளிப்பை ஆக்குவது’ என்னும் பொருளில் ஒட்சிசன் எனப் பெயரிட்டார். குளோரீன் ஒரு தனிமமே என 1810இல் டேவி காட்டியபோது, ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லையென்பது புலனாயிற்று. கொள்கை வீழ்ந்தது, பெயர் நிலைத்தது.

‘அமிலம்’ என்னுஞ் சொல்லே இன்னும் வியப்புக்குரியது. அது வடமொழி ‘ஆம்ல’ என்பதன் வழியது. அதன் இனமான இலத்தீன் ‘அமாருஸ்’ கைப்பைக் குறிக்கும். கிரேக்க ‘ஓமொஸ்’ சமையாத பச்சைப் பொருளைக் குறிக்கும். பழுக்காத காயைக் கடித்தவருக்கு இம்மூன்றும் எவ்வாறு ஓரிடத்திற் கூடின என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் ‘சவர்’ புளிப்பாக, அதன் இனமான இலிதுவேனியச் ‘சூருஸ்’ உவர்ப்பாகும். (யாழ்ப்பாணத்துக் கிணற்றுச் சவர்த்தண்ணீரை நினைந்து என் மாணவர் மீண்டும் மயங்காதிருப்பாராக!)

உப்பின் கதையை இறுதியில் வைத்தேன். இலத்தீன் ‘சால்’, கிரேக்க ‘ஹல்ஸ்’, ஆங்கிலச் ‘சோல்ற்’ எல்லாம் ஒன்றே. வடமொழி மாத்திரம் ‘லவணம்’ என வேறுசொல் கொண்டது. இவ்வேரினின்றே இரசிய ‘சிலாத்கி’யும் இலிதுவேனியச் ‘சல்டுஸ்’ என்பதும் பிறந்தன. அவற்றின் பொருள் உவர்ப்பு அன்று, இனிப்பு. உப்பில்லாக் கஞ்சியை உண்டவர், உப்பிட்டதைச் சுவையுடையதென்றனர். சுவையுடையது நாளடைவில் இனியதாயிற்று. இலிதுவேனியர் இன்று தேனைச் ‘சல்டுஸ்’ எனப் புகழும்போது உப்பின் பழம்பெயரையே கூறுகின்றனர். உப்புக்கு அவர் வழங்கும் பெயரோ ‘துருஸ்கா’ என்னும் வேறொரு சொல்.