அம்மாச்சியின் பாட்டு முதலில்

கேள்வி: பாதியில் நிற்கும் நாவல், தொகுக்க வேண்டிய சிறுகதைகள், 82 வயது அம்மாச்சி பாடும் நடவுப் பாட்டு, ஒப்பாரிகளைச் சேகரிக்கும் ஆசை. வரும் ஆண்டில் எதை முதலில் எடுப்பது?
— வாசகி, உசிலம்பட்டி

பதில்: அம்மாச்சியிடம் போங்கள். இந்த வாரமே.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று பதிப்பித்துக்கொண்டே போனார். செல்லரிக்கும் ஏடுகளிடம் தவணை கேட்க முடியுமா? தன் கதையை, ‘என் சரித்திரம்’ என்று ஆனந்த விகடனில் அவர் எழுதத் தொடங்கியது 1940இல்தான். 1942இல் அவர் மறைந்தபோது அது முடியாமல் நின்றது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனாலும் அவர் வரிசையை மாற்றியிருக்கலாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

பதிவுக்குச் செல்போன் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அந்த இரைச்சல் குரலை விழுங்கிவிடும். “பாட்டுப் பாடுங்க” என்றால் வராது. வெற்றிலை இடித்துக் கொடுத்து நடவுக் காலத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள், தானாக வரும். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள், ஆகாது என்பார்கள். தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போங்கள். யாருக்காக அழுத பாட்டு என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாவலுக்கு வாரத்தில் இரண்டு விடியற்காலை ஒதுக்கினால் கை விட்டுப்போகாது. சிறுகதைத் தொகுப்பை அதற்கடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.