டப்பா நிறம் மாறினால் கெடுதல் குறையுமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஓர் உறுப்பினர் பேசினார். குழுக் கடனில் பெட்டிக்கடை வைத்திருப்பவர். "மேடம், எங்க வீட்டுக்காரர் இப்ப திருந்திட்டாரு. சிவப்பு டப்பாவ விட்டுட்டு வெள்ளை டப்பாவுக்கு மாறிட்டாரு. அது லைட்டுதானே, நெஞ்சைப் பிடிக்காது" என்றார். இருமல் நின்றதா என்று கேட்டோம். "அது இருக்கத்தான் செய்யுது" என்றார். கடையிலிருந்து வீட்டுக்காரர் எடுப்பதையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. புரட்டிப் பார்த்தால் முன்பு நாளைக்கு 6, இப்போது 9.

அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் காலி சிகரெட் டப்பாக்களைக் கொண்டுவரச் சொன்னோம். ஏழு வகை வந்தன. எச்சரிக்கைப் படத்தைத் தாளால் மறைத்துவிட்டு, "இதில் எது கெடுதல் குறைவு? வரிசையாக வையுங்கள்" என்றோம். படம் போக மிச்சம் கொஞ்சம் இடம்தான். அதை வைத்தே எல்லோரும் சட்டென்று அடுக்கிவிட்டார்கள். வெள்ளை முதலில், அப்புறம் வெளிர்நீலம், பச்சை ("இது புதினா, குளிர்ச்சி"), கடைசியில் சிவப்பும் கறுப்பும். ஒருவர்கூட எழுத்தைப் படிக்கவில்லை. இது ஆராய்ச்சி இல்லை, 14 பேர் விளையாடிய விளையாட்டு. ஆனால் சிகரெட் கம்பெனிகளுக்கு இந்த விளையாட்டு பல காலமாகத் தெரியும்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 'லைட்', 'மைல்டு', 'லோ' என்று சிகரெட் டப்பாவில் போடக் கூடாது என்று 2009-ல் அங்கே சட்டம் வந்தது. 2010 ஜூன் முதல் அந்த வார்த்தைகள் போயின. கம்பெனிகள் என்ன செய்தன? மார்ல்பரோ லைட்ஸ் என்பது மார்ல்பரோ கோல்டு ஆனது. வார்த்தை போய் நிறம் வந்தது. வாங்குகிறவருக்கு அர்த்தம் அதேதான்.

சரி, 'லைட்' சிகரெட்டில் உண்மையிலேயே தார் குறைவு இல்லையா என்று கேட்கலாம். அந்தக் குறைவு மெஷின் காட்டுகிற குறைவு. இந்த வகை சிகரெட்டின் பில்டரைச் சுற்றிக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஊசித் துளைகள் இருக்கும். சோதனை மெஷின் இழுக்கும்போது அந்தத் துளை வழியாகக் காற்றும் சேர்ந்து வரும், அதனால் தார் குறைவாகக் காட்டும். மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் துளையை அடைத்துவிடும். உடம்பு கேட்கும் நிகோடின் கிடைக்காவிட்டால் இன்னும் ஆழமாக இழுப்பார், இன்னொன்று பற்றவைப்பார். அந்த நோட்டில் 6 எப்படி 9 ஆனது என்று அப்போதுதான் எங்களுக்கும் புரிந்தது. பச்சை டப்பாவின் புதினாக் குளிர்ச்சியும் அப்படித்தான். தொண்டை எரிச்சலை மறைப்பதால் புகையை உள்ளே இழுப்பது சுலபமாகிறது, அவ்வளவுதான்.

மிளகாய்த்தூளை வெள்ளைப் பாக்கெட்டில் போட்டால் காரம் குறையாது என்று நம் எல்லோருக்கும் தெரியும். புகையில் மட்டும் ஏமாந்துவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் 2012 டிசம்பர் முதல் எல்லா சிகரெட்டுக்கும் ஒரே மாதிரி டப்பா. பார்க்கவே பிடிக்காத ஓர் அழுக்குப் பழுப்பு நிறம், பெரிய எச்சரிக்கைப் படம், கம்பெனிப் பெயர் மட்டும் ஒரே எழுத்தில் சின்னதாக. உடனே, சிகரெட்டின் ருசி கெட்டுவிட்டது என்று புகார்கள் வந்தன. அப்போதைய சுகாதார அமைச்சர் தானியா பிளிபெர்செக்கே இதைச் சொன்னார். மாறியது டப்பா மட்டும்தான்.

நம் நாட்டில் படத்துடன் கூடிய எச்சரிக்கை 2009 மே 31 முதல் வந்தது. அப்போது முன்பக்கத்தில் 40 சதவீத இடம்தான். 2016 ஏப்ரல் முதல் இரண்டு பக்கமும் 85 சதவீதம். படத்துக்குப் பலன் இருக்கிறது. 2016-17-ல் அரசு எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், சிகரெட் பிடிப்பவர்களில் சுமார் 62 சதவீதம் பேரும், பீடி பிடிப்பவர்களில் சுமார் 54 சதவீதம் பேரும் அந்த எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாமா என்று யோசித்ததாகச் சொன்னார்கள்.

ஆனால் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் படத்தைப் பார்ப்பவர் யார்? ஒன்று, இரண்டு என்று உதிரியாகத்தானே வாங்குகிறார்கள். சிகரெட்டை டம்ளரில் போட்டு வைத்தாலோ, டப்பாவைக் கவிழ்த்து வைத்தாலோ படம் கடைக்காரருக்குத்தான், பிடிப்பவருக்கு இல்லை. பீடியும் இப்படியே. "இலையில சுத்துனது, ஒண்ணும் பண்ணாது" என்று பீடி சுற்றும் நம் உறுப்பினர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். பீடிப் புகையில் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவில்லை.

இதைப் பேசியபோது பெட்டிக்கடை அக்காவுக்குக் கோபம் வந்தது. "சிகரெட் இல்லைன்னா டீ குடிக்கவும் ஆள் வராது மேடம், தவணையை நீங்களா கட்டுவீங்க?" என்றார். நியாயமான கேள்வி. கடையை மூடச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, அதற்கான பலகை வைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதைச் சொன்னோம். அதை ஒப்புக்கொண்டார். டம்ளரை எடுத்துவிட்டு டப்பாவிலிருந்தே, படம் தெரியும்படி எடுத்துக் கொடுப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்காரர் இன்னும் விடவில்லை. டப்பாவில் இருக்கும் 1800-11-2356 என்ற எண்ணைக் காட்டிப் பேசச் சொல்லியிருக்கிறார். அது புகையிலைப் பழக்கத்தை விட உதவும் அரசின் இலவச எண். நோட்டுக் கணக்கு போன வாரம் 7. வெள்ளை டப்பாதான்.

உங்கள் குழுவிலும் காலி டப்பாக்களை, பீடிக் கட்டு லேபிளையும் சேர்த்து, இதுபோல அடுக்கிப் பாருங்கள். யார் எதை முதலில் வைத்தார்கள் என்று தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பிரதிநிதிகள் கொண்டுவரவும்.