மோல்டு போடுமுன்

அன்புள்ள மாப்பிள்ளை கவினுக்கு,

நீ அனுப்பிய கிரைண்டர் படத்தை அத்தையும் பார்த்தாள். குடம் மாதிரி வயிறு பெருத்து அடியில் குறுகும் அந்த உடம்பு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் மோல்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. ஒரு வாரம் பொறு.

எனக்கு நடந்தது உனக்குத் தெரியாது. மிக்ஸி ஜாருக்குக் கைப்பிடி ஒன்று செய்தோம். முதல் லாட் பெட்டியில் அடுக்கியாயிற்று. வக்கீல் நோட்டீஸ் வந்தது. வேறொருவர் முன்பே பதிந்த வடிவம். அத்தனையும் உருக்கப் போனது.

நம் நாட்டில் வடிவமைப்புப் பதிவு 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொல்கத்தா அலுவலகத்தில். பதிவானவற்றை அறிவுசார் சொத்துரிமை அலுவலக இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். பெயரை மட்டும் நம்பாதே. ஒருவர் ‘வெட் கிரைண்டர்’ என்று பதிந்திருப்பார், இன்னொருவர் ‘டேபிள் டாப்’ என்று. வகுப்பு எண்ணைப் பிடி: லொகார்னோ வகைப்பாட்டில் சமையல் இயந்திரங்களுக்கு 31, வீட்டுச் சாமான்களுக்கு 07. இரண்டிலும் படம் படமாகப் பார்.

சட்டம் காப்பது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை மட்டும்தான். கல் எப்படிச் சுற்றுகிறது, பாத்திரம் எப்படிச் சாய்கிறது என்பதெல்லாம் காப்புரிமை சமாசாரம். அதற்குத் தனித் தேடல். தேடலில் ஒத்த வடிவம் அகப்பட்டால், அந்தப் படத்தையும் உன் படத்தையும் பக்கத்தில் வைத்து உன் அம்மாவிடம் காட்டு. “ரெண்டும் ஒண்ணுதானே?” என்றால் வரைபடத்தை மாற்று. ஸ்க்ரூ நாலா ஆறா என்று நீ வாதாடுவாய். கடையில் வாங்குகிறவர் ஸ்க்ரூவை எண்ணுவதில்லை.

தேதியையும் கவனி. பாதுகாப்பு 10 வருஷம், கட்டணம் கட்டி நீட்டினால் இன்னும் 5. காலாவதியான வடிவத்தை வேறு உரிமைச் சிக்கல் இல்லாவிட்டால் நீ தயாரிக்கலாம், உன் பெயரில் பதிய முடியாது. பதிய வடிவம் புதுசாக இருக்க வேண்டும்; உலகத்தில் எங்கே வெளியாகியிருந்தாலும் அது புதுசு கிடையாது. அதனால் பழைய கேட்லாக், வெளிநாட்டு விற்பனைத் தளம் எல்லாம் புரட்டு. சலிப்பான வேலைதான்.

ஒன்றும் அகப்படவில்லை என்றாலும் துள்ளாதே. விண்ணப்பத்தில் கிடக்கும் வடிவம் பதிவாகும்வரை வெளியே தெரியாது. நீயும் சீக்கிரம் விண்ணப்பம் போடு. அதுவரை யாருக்கும் காட்டாதே; நாமே வெளியிட்டுவிட்டால் நம்முடையதும் பழசு. போன ஞாயிறு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாயே, எத்தனை பேர் பார்த்தார்கள்?

உன் மாமா