வளர்ப்பு உயிர்களும் முதற் சீலமும்

கொரோனா நோய்க்காக 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் தேசமெங்கும் ஊரடங்கு பிறந்தது. தனித்திருந்த மாந்தர்க்கு நாயும் பூனையும் துணையாயின. ஆசையாய் வாங்கிப் பின்னர்த் தெருவில் விட்டோர் உளர். நோய் பரப்புமென்று அஞ்சி விரட்டியோரும் உளர். 2021ஆம் ஆண்டு மே மாதம் ஐதராபாத் விலங்குக்காட்சிச் சாலையில் எட்டுச் சிங்கங்கட்கு அத்தொற்று கண்டது. ஜூன் 3ஆம் நாள் வண்டலூரில் ஒரு பெண்சிங்கம் மாண்டது. அடைபட்டுக் கிடந்தவை எங்கே சென்று நோய் வாங்கின? மனிதரிடமிருந்தே தொற்றியிருக்கவேண்டுமென அறிஞர் கருதினர்.

கொல்லாமையாகிய முதற் சீலத்தை நாள்தோறும் ஓதுகிறோம். நம் கைச்சோறே கதியென்று பழகிய உயிரைத் தெருவில் விட்டால் அது எவ்வாறு பிழைக்கும்? உயிர்களை விற்கும் வாணிகத்தை உபாசகர்க்குப் பகவான் விலக்கினார். வாங்குவோரின்றி விற்போர் ஏது? அசோக மாமன்னரோ தம் நாட்டிலும் சோழ பாண்டிய நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் அமைத்ததை இரண்டாம் பாறைச் சாசனத்திற் பொறித்தார். அச்சாசனம் நம் ஆந்திரத்து எர்ரகுடியிலும் உளது.

ஆதலின் விஜயபுரத்து உபாசகர் நாய்க்குட்டியைக் காசு கொடுத்து வாங்கவேண்டா. தெருவிற் கிடப்பதை எடுத்து வளர்க்க. வெறிநாய்த் தடுப்பூசியைத் தவறாது போடுவிக்க. பௌர்ணமி வந்தனைக்கு அதனைக் கட்டிவைத்து வருவோர், அருகே தண்ணீர்ச் சட்டி வைத்து வருக.