அகலக்கால் வைக்காமல் அடுத்த மேசைக்கு

2009 டிசம்பர் 8. ஃபுல் டில்ட் போக்கர் தளத்தில் ‘இசில்டுர்1’ என்ற புனைபெயரில் ஆடிய ஸ்வீடன் இளைஞர் விக்டர் ப்ளோம், பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்கரிடம் ஒரே நாளில் 40 லட்சம் டாலருக்கு மேல் விட்டார். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தளத்தின் பெரிய தலைகளையெல்லாம் கலங்கடித்துப் பணத்தை அள்ளியிருந்தார். ஆட்டம் தெரியாமல் தோற்றவர் இல்லை. 10 டாலர் மேசையிலிருந்து 25 டாலர் மேசைக்குப் போகிற சாதாரண ஆட்டக்காரரும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்: ஏறத் தெரிகிறது, இறங்க மனம் வருவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆகவே மேசை ஏறுவதற்கான கீழ்க்காணும் கணக்கெல்லாம் நியூ ஜெர்சி, கனடாவின் ஒன்டாரியோ போல உரிமம் பெற்ற தளங்கள் நடக்கிற இடங்களில் ஆடுபவர்களுக்கு.

1. ஆட்ட முதலைத் தனியே பிரியுங்கள். வாடகைப் பணமும் கடன் பணமும் அதில் சேராது.

2. குடியேறும் தொகையை முடிவு செய்யுங்கள். ஒரு மேசையில் உட்கார வழக்கமான தொகை 100 பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது). 10 சென்ட், 25 சென்ட் பிளைண்ட் மேசையில் அது 25 டாலர். அப்படி 30 மடங்கு, அதாவது 750 டாலர் சேர்ந்தால் அந்த மேசைக்கு நிரந்தரமாகப் போகலாம். 20 மடங்கே போதும் என்று வாதிடுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் ஒரு மோசமான மாதத்தை இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

3. லாபம் நிஜமா என்று பாருங்கள். பத்தாயிரம் கை ஆடி லாபத்தில் இருப்பவர், தாம் தேறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். ஆறு பேர் மேசையில் 100 கைகளுக்கான ஏற்ற இறக்கம், புள்ளியியல் கணக்கில், சுமார் 90 பிக் பிளைண்ட். அதன்படி பத்தாயிரம் கைகளின் சராசரியில் 9 பிக் பிளைண்ட் இப்படியோ அப்படியோ நகர்வது சர்வ சாதாரணம். உண்மையில் 100 கைக்கு 2 பிக் பிளைண்ட் தோற்கிற ஆள், திரையில் 7 ஜெயித்ததாகக் காட்டலாம். ஒரு லட்சம் கை ஆனால் அந்த நகர்வு பெரும்பாலும் 3-க்குள் அடங்கிவிடும். அவ்வளவு ஆடப் பொறுமை இல்லாதவர் 50,000 கைகளாவது பதிவு வைத்துப் பார்க்க வேண்டும்.

4. முன்னோட்டம் பாருங்கள். 750 சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 600 டாலர் இருக்கும்போதே 75 டாலரை, அதாவது மூன்று முறை உட்காரும் பணத்தை, ஒதுக்கி மேலே போய்ப் பார்க்கலாம். ஒரே ஒரு மேசை. எந்தச் சீட்டோடும் கூடவே வருகிற ஆள் ஒருவராவது இருக்கும் மேசை. அவருக்கு இடப்பக்க இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. வார இறுதி இரவுகளில் இப்படிப்பட்ட மேசைகள் அதிகம். செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்திருப்பவர்களோ பெரும்பாலும் இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள்.

2000-ல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற கிறிஸ் பெர்குசன், பின்னர் கையிலிருந்து காசே போடாமல், நுழைவுக் கட்டணமில்லாப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் வரை சேர்த்துக் காட்டினார். மொத்த முதலில் 5 சதவீதத்துக்கு மேல் வைத்து எந்த மேசையிலும் உட்காரக் கூடாது என்பது அவர் தமக்குப் போட்டுக்கொண்ட விதி. ஜெயித்து, மேசையில் இருக்கும் பணம் மொத்த முதலில் 10 சதவீதத்தைத் தாண்டினால், அடுத்த பிளைண்ட் வரும்போது எழுந்துவிடுவார். முன்னோட்டம் பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது விதிதான் முக்கியம். 600 வைத்திருப்பவர் மேசையில் 60-ஐத் தாண்டியதும் கிளம்ப வேண்டும்.

5. இறங்குங்கள். எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒருவர் 50 டாலரை இழந்துவிட்டு மூன்றாவது 25-ஓடு உட்கார்ந்திருக்கிறார். கையில் இரண்டு கிங். எதிராளியிடம் ஏஸும் குயினும். பொதுச் சீட்டு விரியும் முன்பே இருவரும் ஆல்-இன். கிங் ஜோடிக்கு நூற்றுக்குச் சுமார் எழுபது வாய்ப்பு. கடைசிச் சீட்டாக ஏஸ் விழுகிறது. ஒதுக்கிய 75-உம் தீர்ந்தது. அவர் ஆடியதில் தப்பே இல்லை, அதுதான் வில்லங்கம். ‘சரியாகத்தானே ஆடினேன், சீட்டுதானே சதி செய்தது’ என்ற நியாயத்தோடு அவர் விரல் நான்காவது 25-ஐ நோக்கிப் போகிறது. விட்டதைப் பிடிக்கும் வேலை தொடங்கிவிட்டது.

இறங்கும் விதி ஏன் தோற்றீர்கள் என்று கேட்பதில்லை. எவ்வளவு போனது என்று மட்டுமே பார்க்கிறது. 75 போனபின்னும் 525 மிச்சம். 10 டாலர் மேசைக்கு அது 52 மடங்கு. அங்கே அவர் இன்னும் ராஜா. மறுபடி 600 ஆனதும் மறுபடி ஏறலாம். ஒரே மாதத்தில் மூன்று முறை ஏறி இறங்கினாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே இரவில் கீழே போய் ஆடக் கூடாது. 25 டாலர் மேசைப் பந்தயங்களைப் பார்த்த கண்ணுக்கு 10 டாலர் மேசைப் பணம் சில்லறையாகத் தெரியும். ‘போனால் போகட்டும்’ என்று கண்டதையும் கால் செய்து அங்கும் ஐம்பதை விட்டுவிட்டு வருவார்கள். கணினியை மூடிவிட்டு மறுநாள் உட்கார வேண்டும்.

தன்மேல் நம்பிக்கை இல்லாதவருக்குக் குறுக்குவழி உண்டு. முன்னோட்டத்துக்கு முன்பே, தளத்தின் பொறுப்பான ஆட்டப் பகுதியில் பணம் போடும் வரம்பைக் குறைத்துவிட வேண்டும். உரிமம் பெற்ற தளங்களில் குறைப்பு உடனே அமலாகும். கூட்ட வேண்டுமென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். இரவு இரண்டு மணி ஆவேசத்துக்கு அந்தக் காத்திருப்பு போதும்.

6. 750-ஐத் தாண்டிச் சேர்வதில் பாதியையாவது வங்கிக்கு எடுங்கள். தளத்தில் தெரியும் எண், கையில் இருக்கும் பணம் ஆகாது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு ஃபுல் டில்ட் உள்ளிட்ட தளங்கள்மீது நடவடிக்கை எடுத்தபோது ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களின் இருப்பு அப்படியே முடங்கியது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்தப் பணம் திரும்பத் தொடங்கியது 2014-ல்தான்.