மின்கலம் ஏன் சுடுகிறது?

இரவு முழுவதும் மின்னூட்டியில் கிடந்த மின்கலத்தைக் காலையில் எடுத்தால் சில வேளைகளில் கை சுடும். நன்றாக மின்னேறிவிட்டதற்கு அதுவே அடையாளம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அந்தச் சூடு, மின்கலத்தில் சேராமல் வீணாகிப்போன மின்னாற்றலாகும்.

கைவிளக்கு, விளையாட்டுக் கார், கம்பியில்லாக் கணினிச் சுட்டி போன்றவற்றில் மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தும் விரலளவு மின்கலங்களுள் பல நிக்கல் உலோக ஹைட்ரைடு வகையைச் சேர்ந்தவை. இதன் உறைக்குள் இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் ஒரு பிரிப்புத் தாளோடு, பாயைப்போல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நேர்முனைத் தகட்டில் நிக்கல் சேர்மமும் எதிர்முனைத் தகட்டில் ஓர் உலோகக் கலவையும் உள்ளன. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இரண்டையும் நனைத்திருக்கும்.

மின்னேற்றும்போது கரைசலிலுள்ள நீர் மூலக்கூறுகள் எதிர்முனையில் பிரிகின்றன. அப்போது கிடைக்கும் ஹைட்ரஜன், வாயுவாக வெளியேறாமல் உலோக அணுக்களின் இடுக்குகளில் புகுந்து தங்கிக்கொள்கிறது. பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல, உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சுகிறது. மின்கலத்தைப் பயன்படுத்தும்போது ஹைட்ரஜன் வெளியே வந்து மீண்டும் நீராகிறது. அவ்வேளையில் விடுபடும் எலக்ட்ரான்கள் மின்சுற்றின் வழியே ஓடி விளக்கை எரியவைக்கின்றன.

இப்படிப்பட்ட உலோகக் கலவை ஒன்றின் இயல்பு, 1960களின் இறுதியில் நெதர்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. காந்தங்களை ஆராய்ந்தபோது எதிர்பாராமல் கிடைத்த கண்டுபிடிப்பு அது! லாந்தனமும் நிக்கலும் சேர்ந்த அக்கலவை, ஹைட்ரஜனை உறிஞ்சும்போது ஏறத்தாழ கால் பங்கு பருத்தது, வெளியிடும்போது சுருங்கியது. பலமுறை அவ்வாறு நிகழ்ந்ததும் பொடிப்பொடியாக நொறுங்கியது. கோபால்ட் போன்ற உலோகங்களைச் சேர்த்த பின்னரே அது நெடுநாள் உழைத்தது. 1997இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் கலப்பின வாகனமும் இவ்வகை மின்கலங்களையே கொண்டிருந்தது.

இனி, சூட்டுக்கு வருவோம். 2000 மில்லிஆம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலத்தில் 200 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினால் 10 மணி நேரம் போதும் என்பது கணக்கு. ஆனால், நடைமுறையில் 14 முதல் 16 மணி நேரம் தேவைப்படுகிறது. செலுத்தும் மின்சாரம் முழுவதும் சேமிக்கப்படுவதில்லை. மின்கலம் நிரம்பும் தறுவாயில் நேர்முனையில் ஆக்சிஜன் உண்டாகத் தொடங்குகிறது. அது எதிர்முனைக்குச் சென்று ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகிறது. அதற்குமேல் வரும் மின்சாரமெல்லாம் இந்தச் சுழற்சியிலேயே செலவாகி வெப்பமாக மாறுகிறது.

மின்னோட்டம் சிறியதாயின் மின்கலம் இதைத் தாங்கிக்கொள்ளும். விரைவாக மின்னேற்றும்போதுதான் ஆபத்து. உண்டாகும் ஆக்சிஜனை எதிர்முனையால் அதே வேகத்தில் ஏற்க முடிவதில்லை. உள்ளே அழுத்தம் கூடுகிறது. மின்கலம் வெடிக்காமலிருக்க, அதன் பாதுகாப்புத் துளை திறந்து வாயுவை வெளியேற்றும். ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் ஈரம் குறைவதால் மின்கலத்தின் ஆயுளும் குறைகிறது.

அப்படியானால், மின்கலம் நிரம்பியதை மின்னூட்டி எவ்வாறு அறிகிறது? மின்னேற்றும்போது மின்கலத்தின் மின்னழுத்தம் மெல்ல உயரும். நிரம்பியதும், சூட்டின் காரணமாக அது சில மில்லிவோல்ட் மட்டும் இறங்கும். நல்ல மின்னூட்டி இந்தச் சிறு இறக்கத்தைக் கண்டவுடன் மின்னோட்டத்தை நிறுத்திவிடும், வெப்பநிலையையும் கண்காணிக்கும். விலை மலிந்த சில மின்னூட்டிகளோ நேரத்தை மட்டுமே எண்ணுகின்றன. அவற்றில் பாதி மின்சாரம் மீதமுள்ள மின்கலத்தை வைத்தாலும், முற்றிலும் தீர்ந்ததற்கு உரிய நேரம் முழுவதும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும்.

பழைய மின்கலத்தையும் புதியதையும் ஒரே கைவிளக்கில் போடுவதும் கேடுதான். பழையது முதலில் தீர்ந்துவிடும். புதியதோ தொடர்ந்து மின்னோட்டத்தைச் செலுத்தும். அதனால் பழைய மின்கலத்தின் முனைகள் தலைகீழாக மாறி, அது மீண்டும் மின்னேற்ற முடியாதபடி பழுதாகக்கூடும்.