உங்கள் தோட்டத்துக் காப்பியை நீங்களே வடித்துச் சுவையுங்கள்

காப்பி பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் தம் கொட்டையை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குச் சிக்கரி கலந்த தூளைக் கடையில் வாங்குகின்றனர். தம் சரக்கின் சுவை தெரியாததால், வியாபாரி குறை சொல்லி விலையைக் குறைக்கும்போது மறுத்துப் பேச முடிவதில்லை.

நம் நாட்டுக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலி. அங்கு எஸ்பிரஸோ முறையில் காப்பி வடிக்கிறார்கள். காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைத் தூளின் வழியே செலுத்தி, 25 முதல் 30 விநாடிகளில் ஒரு மடக்குக் கெட்டிச் சாறு இறக்குவது இம்முறை. (நம் கல்யாண வீடுகளில் நுரை பொங்கத் தரும் 'எக்ஸ்பிரஸோ' வேறு சங்கதி.) இவ்வளவு கெட்டியான சாற்றில் கொட்டையின் குறை ஒளியாது.

உங்கள் சோதனைக்கு இயந்திரம் வேண்டாம். வீட்டுப் பில்டரே போதும். கால் கிலோ பார்ச்மெண்ட் கொட்டையை உரலில் மெல்லக் குத்திப் புடைத்துக்கொள்ளுங்கள். இரும்பு வாணலியில் மிதமான தீயில் கைவிடாமல் கிளறி வறுக்கவும். கொட்டை மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். சோளம் பொரிவது போல் வெடிக்கும். வெடிப்பு அடங்கியதும் இறக்கி, முறத்தில் கொட்டி விசிறி ஆற்றவும். கருக விட்டால் எந்தக் கொட்டையும் ஒரே கசப்புத்தான், சோதனை வீண். மறுநாள் அரைத்து, 10 கிராம் தூளுக்கு 150 மில்லி வெந்நீர் ஊற்றுங்கள். கொதித்த நீரை இறக்கி அரை நிமிடம் கழித்து ஊற்றுவது நலம். பால், சர்க்கரை, சிக்கரி எதுவும் கூடாது. சூட்டில் முகர்ந்து பார்த்து, வெதுவெதுப்பாக ஆறியபின் சுவையுங்கள்.

பச்சைப்புல் வாடையும் நாக்கை இழுக்கும் துவர்ப்பும் இருந்தால், பழுக்காத காயும் சேர்ந்து பறிக்கப்பட்டுள்ளது. புளித்த வாடை வந்தால், பறித்த பழம் சாக்கில் இரவு முழுதும் கிடந்திருக்கும்; அல்லது தோலுரித்த கொட்டை தொட்டியில் அளவுக்கு மேல் புளித்திருக்கும். பழத்தை அன்றன்றே பல்ப்பரில் போட்டுவிட வேண்டும். மண் வாடையும் பூஞ்சண வாடையும்தான் மோசமானவை. வெறுந்தரையில் உலர்த்துவதாலும், ஈரம் காயுமுன் மூட்டை கட்டுவதாலும் இவை வருகின்றன. எப்படி வறுத்தாலும் போகா. சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ பரப்பி, அடிக்கடி கிளறி, இரவில் மூடி, ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்துங்கள்.

நம்பிக்கை வராதவர்கள் ஒரே நாளில் பறித்த பழத்தில் ஒரு கூடையைத் தரையிலும் ஒரு கூடையைத் தார்ப்பாயிலும் தனியே உலர்த்தி, இரண்டையும் வடித்துப் பார்க்கலாம். விலை பேச வரும் வியாபாரிக்கும் அதில் ஒரு தம்ளர் கொடுங்கள்.